பெயரை விட்டு வெளியேறியவர்

1987 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் வட அமெரிக்க நகரங்களில் இரண்டு இசைப் பரிவாரங்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்று ஆகஸ்ட் மாதம் ராட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடென்ஸ் நகரில் புறப்பட்டது. மற்றொன்று செப்டம்பரில் கனடாவின் ஒட்டாவாவில் தொடங்கியது. இரண்டு மேடைகளிலும் ஒரே பழைய பாடல்கள் சில ஒலித்தன. அப்பாடல்களுக்குச் சொற்களை எழுதியவர் முதல் பரிவாரத்தில் இருந்தார். அவை எந்தப் பெயரால் உலகெங்கும் அறியப்பட்டிருந்தனவோ அந்தப் பெயர் இரண்டாவது பரிவாரத்திடம் இருந்தது. மக்கள் பெயரின் பின்னால் போனார்கள். பெயரை வைத்திருந்தவர்கள் திறந்தவெளி விளையாட்டு மைதானங்களை நிரப்பினார்கள். எழுதியவரோ அவற்றைவிடச் சிறிய உள்ளரங்குகளில், சில ஊர்களில் காலி இருக்கைகளைப் பார்த்தபடி பாடினார்.

எழுதியவர் ரோஜர் வாட்டர்ஸ். பெயர் பிங்க் ஃப்ளாய்ட். புகழின் உச்சியில் இருக்கும் ராக் குழுவிலிருந்து பாடகர் ஒருவர் பிரிந்து தனியே ஊர் ஊராகப் போய்ப் பாட முனைவது இசையுலகில் புதிதன்று. பீட்டர் கேப்ரியல் 1975 இல் ஜெனிசிஸ் குழுவை விட்டு வந்தார். லெட் செப்பலின் 1980 இல் கலைந்தபின் ராபர்ட் பிளான்ட் தனி வழி கண்டார். மிக் ஜாகர் 1988 இல் ஜப்பானுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ரோலிங் ஸ்டோன்ஸ் இல்லாமல் போய்வந்தார். ஆனால் வாட்டர்ஸின் வரலாறு இவற்றிலிருந்து ஒரு வகையில் வேறுபட்டது. மற்றவர்களுக்கு முகம் இருந்தது. கேப்ரியலையும் பிளான்டையும் ஜாகரையும் குழந்தைகளுக்கும் தெரியும். வாட்டர்ஸைத் தெருவில் கண்டால் அவருடைய இசைத்தட்டை வீட்டில் வைத்திருப்பவருக்கே அடையாளம் தெரியாது. ஒரு கலைஞன் தன் கைப்படச் செய்த பொருள் தன் முகத்தைவிடப் பெரிதாகிவிட்டால் என்ன நேரும் என்பதற்கு அவருடைய கால் நூற்றாண்டுப் போராட்டம் ஓர் அரிய சான்று.

பெயரிலிருந்தே தொடங்கலாம். அந்தப் பெயரை வைத்தவர் வாட்டர்ஸ் அல்லர். 1965 இல் லண்டனில் கட்டடக்கலை மாணவர்களும் ஓர் ஓவிய மாணவருமாகச் சேர்ந்து நடத்திய குழுவுக்கு, அந்த ஓவிய மாணவரான சிட் பேரட், பிங்க் ஆண்டர்சன், ஃப்ளாய்ட் கவுன்சில் என்ற இரண்டு அமெரிக்கப் புளூஸ் கலைஞர்களின் முதற்பெயர்களை இணைத்து ஒரு பெயர் சூட்டினார். 1967 இல் வெளிவந்த முதல் இசைத்தட்டின் பெரும்பாலான பாடல்களை எழுதியவரும் முன்னின்று பாடியவரும் பேரட்தான். அவ்வாண்டின் இறுதிக்குள் போதைப் பழக்கமும் மனநலச் சிதைவும் அவரை மேடையில் நிற்க இயலாதவராக்கின. 1968 தொடக்கத்தில் அவருடைய கேம்பிரிட்ஜ் நண்பர் டேவிட் கில்மோர் கிட்டார் வாசிக்கச் சேர்க்கப்பட்டார். சில வாரங்களில் பேரட்டை அழைத்துச் செல்வதையே குழுவினர் நிறுத்திவிட்டார்கள்.

இங்கே நடந்த ஒரு சிறு நிகழ்வு பின்னாளில் பெரும் பொருள் பெற்றது. அப்போது குழுவின் மேலாளர்களாக இருந்த பீட்டர் ஜென்னரும் ஆண்ட்ரூ கிங்கும், பேரட் இல்லாமல் பிங்க் ஃப்ளாய்ட் இல்லை என்று கருதி, பேரட்டின் பக்கம் போனார்கள். மிஞ்சிய நால்வரிடம் பெயர் தங்கியது. பேரட் 1970 இல் இரண்டு தனி இசைத்தட்டுகளை வெளியிட்டார். மேடையேற்றங்கள் மிகச் சிலவே. பின்னர் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பி ஓவியமும் தோட்டமுமாக, இசையுலகின் கண்ணில் படாமல் வாழ்ந்து 2006 இல் மறைந்தார். பெயரைக் கொண்டவர்கள் உலகப்புகழ் அடைந்தார்கள். ஆக்கியவன் போனாலும் பெயர் நிலைக்கும் என்னும் விதியின் முதற்பயனை நுகர்ந்தவர்களில் வாட்டர்ஸும் ஒருவர். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து அதே விதி அவருக்கு எதிராகத் திரும்பியது.

பேரட்டுக்குப் பின்வந்த ஆண்டுகளில் குழு தன் முகத்தை மறைத்துக்கொள்ளும் கலையைத் தேர்ந்தது. ஹிப்னோசிஸ் என்ற வடிவமைப்பு நிறுவனம் செய்து தந்த அட்டைகளில் ஒரு பசு நின்றது; முப்பட்டகம் ஒன்றின் வழியே ஒளி பிரிந்தது; தீப்பற்றிய மனிதர் ஒருவர் இன்னொருவருடன் கைகுலுக்கினார்; பேட்டர்ஸி மின்நிலையத்தின் புகைபோக்கிகளுக்கு இடையே பன்றி பறந்தது. இசைப்பவர்களின் முகங்கள் அட்டையின் முகப்பில் இல்லை. மேடையிலும் வட்டத் திரையும் ஒளிக்கற்றைகளும் காற்றடைத்த உருவங்களுமே கண்ணை நிறைத்தன. நால்வரும் நிழலில் நின்று வாசித்தார்கள். 1973 இல் வெளிவந்த 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 1988 வரை எழுநூறு வாரங்களுக்கும் மேலாக இடம்பெற்றது. அத்தனை கோடி வீடுகளுக்குள் நுழைந்த இசைத்தட்டின் சொற்கள் முழுவதையும் எழுதியவர் தெருவில் தடையின்றி நடந்து போகலாம். அவர்களே விரும்பி ஏற்ற வசதி அது. அதற்கொரு விலை உண்டு என்பது அப்போது யாருக்கும் தோன்றியிராது.

வாட்டர்ஸ் பேஸ் கிட்டார் வாசிப்பவர், பாடுபவர்களில் ஒருவர். குழுவின் குரல் என்று பலர் நினைவில் கொண்டிருக்கும் மென்மையான குரல் பெரும்பாலும் கில்மோருடையது. வாட்டர்ஸின் குரல் கூர்மையானது, சில வேளைகளில் பேச்சுக்கும் கதறலுக்கும் இடைப்பட்டது. எழுபதுகளின் நடுவிலிருந்து சொல்லும் கருவும் கட்டமைப்பும் அவர் கைக்கு வந்தன. 1977 ஜூலை 6 அன்று மான்ட்ரியால் ஒலிம்பிக் மைதானத்தில், மேடைக்கு முன்னால் கூச்சலிட்டு ஏற முயன்ற ரசிகர் ஒருவர்மீது வாட்டர்ஸ் காறி உமிழ்ந்தார். அச்செயல் அவரையே திடுக்கிட வைத்தது. தனக்கும் கேட்பவருக்கும் இடையே ஒரு சுவர் எழுந்துவிட்டது என்ற எண்ணம் அன்று பிறந்தது. மறுஆண்டு அவர் இரண்டு கதைக் கருக்களை மற்றவர்கள் முன் வைத்தார். அவர்கள் ஒன்றைத் தேர்ந்தார்கள். அது 1979 இல் 'த வால்' ஆயிற்று. தள்ளப்பட்ட மற்றொன்று வாட்டர்ஸின் மேசையிலேயே இருந்தது.

'த வால்' உருவான காலத்திலேயே விசைப்பலகைக் கலைஞர் ரிச்சர்ட் ரைட் வாட்டர்ஸின் வற்புறுத்தலால் குழுவிலிருந்து விலக்கப்பட்டார். 1980, 1981 ஆண்டுகளில் அந்தப் படைப்பு மேடையேறியபோது ரைட் சம்பளத்துக்கு வாசித்தார். லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க்கை அடுத்த யூனியன்டேல், லண்டன், டார்ட்மண்ட் என நான்கே இடங்களில் 31 நிகழ்ச்சிகள். ஒவ்வொரு மாலையும் இசைப்பவர்களுக்கும் அவையோருக்கும் இடையே உண்மையாகவே அட்டைச் செங்கற்களால் சுவர் எழுப்பி இறுதியில் அதைத் தகர்ப்பார்கள். செலவு வரவை விழுங்கியது. உரிமையாளர்கள் மூவரும் இழப்பைப் பங்கிட்டுக்கொள்ள, சம்பளக்காரராகிய ரைட் ஒருவரே பணத்தோடு வீடு திரும்பினார் என்பது ராக் வரலாற்றின் நகைமுரண்களுள் ஒன்று.

1983 இல் வெளிவந்த 'த ஃபைனல் கட்' தொகுப்பின் பின்னட்டை, ஆக்கம் ரோஜர் வாட்டர்ஸ் என்றும் நிகழ்த்துவோர் பிங்க் ஃப்ளாய்ட் என்றும் பொருள்படப் பிரித்தே அறிவித்தது. போரில் மாண்ட தந்தைக்கான இரங்கல் அது. வாட்டர்ஸ் கைக்குழந்தையாக இருந்த 1944 பிப்ரவரியில், இத்தாலியின் அன்சியோ போர்முனையில் அவருடைய தந்தை எரிக் ஃபிளெட்சர் வாட்டர்ஸ் கொல்லப்பட்டார். இந்த இழப்பு அவருடைய எழுத்தின் அடிநீரோட்டம். அதைக் கில்மோரும் நிக் மேசனும் குறைகூறியதில்லை. ஆனால் ஒருவருடைய தன்வரலாறு நால்வர் பெயரில் வெளிவருவது எத்தனை காலம் இயலும் என்ற கேள்வி அங்கே எழுந்துவிட்டது.

1984 ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் போதிய கவனம் பெறாத ஆண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. அவ்வாண்டு வாட்டர்ஸ், கில்மோர் இருவருமே தனித்தனியாக இசைத்தட்டு வெளியிட்டுத் தனித்தனியாகப் பயணம் போனார்கள். வாட்டர்ஸ் 1978 இல் ஒதுக்கப்பட்ட அந்த இரண்டாவது கருவை 'த ப்ரோஸ் அண்ட் கான்ஸ் ஆஃப் ஹிட்ச் ஹைக்கிங்' என்ற தொகுப்பாக்கினார். எரிக் கிளாப்டனே உடன் வந்து கிட்டார் வாசித்தார். ஜெரால்ட் ஸ்கார்ஃப் சித்திரங்களும் நிக்கோலஸ் ரோக் எடுத்த படக்காட்சிகளும் பின்திரையில் ஓடின. இத்தனை இருந்தும் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை, பணம் போயிற்று. முதற்கட்டம் முடிந்ததும் கிளாப்டன் விலகிக்கொண்டார். கில்மோரோ 'அபவுட் ஃபேஸ்' என்ற தொகுப்போடு சிறிய அரங்குகளில் பாடிவிட்டு வந்தார். அங்கும் அளவான வரவேற்புதான்.

இருவரும் ஒரே பாடத்தைப் படித்தார்கள்: தம் சொந்தப் பெயருக்குச் சந்தையில் உள்ள மதிப்பு இவ்வளவே. ஆனால் அதிலிருந்து எதிரெதிரான முடிவுகளுக்கு வந்தார்கள். பதினைந்து ஆண்டுக்கு மேலாக உழைத்து ஈட்டிய பெயரை விட்டுவிட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டிய அவசியம் இல்லை என்று கில்மோர் கருதினார். வாட்டர்ஸ் அந்தப் பெயரே இனி யாரிடமும் இருக்கக் கூடாது என்று எண்ணினார். 1985 டிசம்பரில், மேலாளர் ஸ்டீவ் ஓ'ரூர்க்குடனான ஒப்பந்தத் தகராறின் நடுவே, தாம் குழுவிலிருந்து விலகுவதாக இசைத்தட்டு நிறுவனங்களுக்கு எழுதினார். 1986 அக்டோபரில், குழுவின் ஆக்கத்திறன் வற்றிவிட்டது, எனவே அதன் பெயரை வேறெவரும் பயன்படுத்தலாகாது என்று கோரி லண்டன் உயர்நீதிமன்றத்தை அணுகினார்.

இந்த வாதத்தில் ஓர் அறம் இருந்ததை மறுக்க முடியாது. எழுதியவன் இல்லாமல் எழுத்தின் பெயரை விற்கலாமா என்பது எளிதில் தள்ளத்தக்க கேள்வியன்று. ஆயினும் எதிர்வாதமும் வலுவானது. அந்தச் சொற்களைக் கோடிக்கணக்கானோர் கேட்டது கில்மோரின் கிட்டாரிலும் குரலிலும், ரைட்டின் நாண்களிலும், மேசனின் தாளத்திலும்தான். அச்சாணி தன்னையே தேர் என்று எண்ணிக்கொள்ளலாம். அச்சாணி மட்டும் தெருவில் ஓடாது. அன்றியும் சட்டம் இத்தகைய அழகியல் விவாதங்களுக்குள் நுழைவதில்லை. கூட்டிலிருந்து தானே விலகியவருக்கு, மிஞ்சியவர்கள் தொடர்வதைத் தடுக்கும் உரிமை எளிதில் கிட்டாது.

ஆகவே 1987 வந்தது. ஜூனில் வாட்டர்ஸ் 'ரேடியோ கே.ஏ.ஓ.எஸ்.' தொகுப்பை வெளியிட்டார். அது அமெரிக்கப் பட்டியலில் ஐம்பதாம் இடத்தைத் தாண்டவில்லை. செப்டம்பரில் கில்மோரும் மேசனும் பிங்க் ஃப்ளாய்ட் பெயரில் வெளியிட்ட 'எ மொமென்ட்டரி லாப்ஸ் ஆஃப் ரீசன்' இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மூன்றாம் இடத்தைப் பிடித்தது. அந்தப் பெயரில் நுழைவுச்சீட்டு விற்றால் வழக்கு வரும் என்று வாட்டர்ஸ் தரப்பு வட அமெரிக்க நிகழ்ச்சி அமைப்பாளர்களுக்குக் கடிதங்கள் அனுப்பியது. பலர் தயங்கினர். டொராண்டோவின் மைக்கேல் கோல் துணிந்து விற்பனையைத் திறந்தார். மைதானத்தின் அறுபதாயிரம் இருக்கைகளும் சில மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்தன. இரண்டாம் நாள், மூன்றாம் நாள் எனக் கூட்ட வேண்டியதாயிற்று. அப்பயணத்துக்கான முதற்பணத்துக்கு மேசன் தம் 1962 ஆம் ஆண்டு ஃபெராரி ஜி.டி.ஓ. காரை அடகு வைத்தார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பெயர் வைத்திருந்தவர்களும் சூதாடித்தான் வென்றார்கள்.

வாட்டர்ஸின் நிகழ்ச்சிகள் தரத்தில் குறைந்தவை அல்ல என்பதே பார்த்தவர்களின் பொதுக் கருத்து. ஒரு வானொலி நிலையத்தின் நேரடி ஒலிபரப்பைப் போல மாலை முழுவதையும் அவர் அமைத்தார். லாஸ் ஏஞ்சலஸின் வானொலித் தொகுப்பாளர் ஜிம் லேட் நிகழ்ச்சியை நடத்திச் சென்றார். அவையோரின் நடுவே ஒரு தொலைபேசிக் கூண்டு வைக்கப்பட்டது. அதிலிருந்து யார் வேண்டுமானாலும் மேடையிலிருந்த வாட்டர்ஸிடம் கேள்வி கேட்கலாம். பத்தாண்டுகளுக்கு முன் கேட்பவர்மீது உமிழ்ந்தவர், இப்போது கேட்பவரோடு பேசுவதற்குக் கம்பி போட்டுக் காத்திருந்தார். இதைவிட வெளிப்படையாக ஒரு கலைஞன் தன் முகத்தைக் காட்ட முடியாது. ஆனால் அதைக் காண வேண்டியவர்கள் பக்கத்து ஊர் மைதானத்தில் பறக்கும் பன்றியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பன்றியின் வடிவத்துக்கும் வாட்டர்ஸ் உரிமை கோரியதால் மற்ற தரப்பினர் அதை ஆண் பன்றியாக மாற்றி உறுப்பு பொருத்திப் பறக்கவிட்டார்கள் என்ற கதையும் உண்டு. கசப்பு எந்த அளவுக்கு இறங்கியிருந்தது என்பதற்கு அது போதும்.

அவ்வாண்டு கிறிஸ்துமஸை ஒட்டி, தேம்ஸ் நதியில் கில்மோர் வாங்கி ஒலிப்பதிவுக்கூடமாக்கியிருந்த 'அஸ்டோரியா' என்ற படகு வீட்டில் உடன்பாடு கையெழுத்தாயிற்று. பெயர் கில்மோர், மேசன் தரப்பிடம் நின்றது. 'த வால்' என்ற படைப்பை மேடையேற்றும் உரிமை வாட்டர்ஸுக்கு வந்தது. அன்றைய நிலையில் இது தோற்றவருக்குத் தரப்பட்ட ஆறுதல் பரிசு போலத் தோன்றியிருக்கும். நான்கு நகரங்களுக்கு மேல் கொண்டுசெல்ல இயலாத, போன இடமெல்லாம் நட்டம் தந்த படைப்பு அது. பெயரோ பொன்முட்டை இடும் வாத்து.

அடுத்த பத்தாண்டுகளில் வாட்டர்ஸ் மேடையேறிய நாள்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றுள் ஒன்று மட்டும் பேருரு கொண்டது. பெர்லின் சுவர் திறக்கப்பட்ட மறுஆண்டு, 1990 ஜூலை 21 அன்று, இரு பெர்லின்களுக்கும் இடையே பாழ்நிலமாகக் கிடந்த போட்ஸ்டாமர் பிளாட்ஸ் வெளியில் 'த வால்' நிகழ்த்தப்பட்டது. ஏறத்தாழ 170 மீட்டர் நீளமும் 25 மீட்டர் உயரமுமான சுவர் எழுந்து விழுந்தது. ஜோனி மிட்செல், வான் மாரிசன், சினேட் ஓ'கானர், ஸ்கார்பியன்ஸ் குழுவினர் முதலியோர் பாடினார்கள். ஜெர்மனியில் இருந்த சோவியத் படைகளின் இசைக்குழுவும் பங்கேற்றது. போர் விமானியாக இருந்த லெனர்ட் செஷயர் தொடங்கிய பேரிடர் நிவாரண நிதிக்காக நடந்த நிகழ்ச்சி அது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர் என்பது கணக்கு. இருந்தும் அது வாட்டர்ஸின் வெற்றி என்பதைவிட அந்த இடத்தின், அந்தக் காலத்தின் வெற்றியாகவே பேசப்பட்டது. 1992 இல் அவர் வெளியிட்ட 'அம்யூஸ்ட் டு டெத்' இன்று அவருடைய தனித் தொகுப்புகளில் மிகச் சிறந்ததாகப் பலராலும் மதிக்கப்படுகிறது. அதற்கென அவர் ஒரு பயணமும் போகவில்லை. அதே காலத்தில் பிங்க் ஃப்ளாய்ட் 1994 இல் மற்றொரு பயணம் முடித்து, லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட்டில் தொடர் நிகழ்ச்சிகளோடு நிறுத்திக்கொண்டது.

இந்த நிறுத்தம்தான் திருப்புமுனை. 1999 ஜூலையில் வாட்டர்ஸ் மில்வாக்கியில் 'இன் த ஃப்ளெஷ்' என்ற பயணத்தைத் தொடங்கியபோது மறுபக்கத்திலிருந்து போட்டி இல்லை, பெயர் உறங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் வேறொன்றும் மாறியிருந்தது. இசைத்தட்டுகளைத் தம் பெற்றோரின் அலமாரியில் கண்டெடுத்த ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. அவர்கள் அட்டையின் உட்புறச் சிறு எழுத்துகளையும் படித்திருந்தார்கள். இணையம் பரவப் பரவ யார் எதை எழுதினார் என்பது பொது அறிவாகிவிட்டது. சந்தையில் பெயர் இல்லாத வெற்றிடத்தில் பாடல்கள் தம் ஆசிரியரைத் தேடிக்கொண்டன. எதிர்பார்த்ததைவிடப் பெரிய அரங்குகள் தேவைப்பட்டன. ஒரு கோடைக்காலப் பயணமாகத் தொடங்கியது 2002 வரை நீண்டு, அவ்வாண்டு தென்னாப்பிரிக்கா, தென்னமெரிக்கா என விரிந்து, பெங்களூர் அரண்மனை மைதானத்தையும் தொட்டது. 2007 இல் அவர் மும்பைக்கும் வந்து பாடினார். பிங்க் ஃப்ளாய்ட் என்ற பெயரில் எவரும் வந்து வாசித்திராத நாட்டுக்கு அப்பாடல்களை எடுத்து வந்தவர் பெயரை இழந்தவர்தான்.

கில்மோரின் குரலும் கிட்டாரும் இல்லாத குறையை வாட்டர்ஸ் எப்படிச் சமாளித்தார் என்பது கவனிக்கத்தக்கது. ஒருவருடைய இடத்தில் பலரை நிறுத்தினார். 1977 இலும் 1980 இலும் பிங்க் ஃப்ளாய்டுக்குத் துணையாக வாசித்த ஸ்னோவி ஒயிட், இளைஞரான டாய்ல் பிராம்ஹால், ஆண்டி ஃபேர்வெதர் லோ ஆகிய மூவர் கிட்டார்ப் பகுதிகளைப் பகிர்ந்துகொண்டார்கள். 1987 இல் எதிர்முகாமில் விசைப்பலகை வாசித்த ஜான் கேரின் இப்போது இங்கே அமர்ந்திருந்தார். இதன்மூலம் வாட்டர்ஸ் ஓர் உண்மையைச் சொல்லாமல் ஒப்புக்கொண்டார்: இப்பாடல்களுக்குத் தாம் மட்டும் போதாது. 1984 இன் வாட்டர்ஸ் தம் புதிய படைப்பை முழுமையாக வாசித்துக் காட்டி ஏற்கச் சொன்னார்; 1999 இன் வாட்டர்ஸ் கேட்பவர்கள் எதற்காக வந்திருக்கிறார்கள் என்பதை அறிந்திருந்தார். இதைச் சந்தைக்குப் பணிதல் என்பாரும் உண்டு. தன்னுடையது என்று வழக்காடியதைத் தானே பாடுவதில் பணிவு எங்கே வந்தது என்றும் கேட்கலாம்.

2002 இல் லண்டன் வெம்ப்ளி அரங்கில் மேசன் ஒரு பாடலுக்கு வந்து தாளம் வாசித்தார். 2005 ஜூலை 2 அன்று ஹைட் பார்க்கில் நடந்த 'லைவ் 8' கொடைநிகழ்ச்சியில் நால்வரும் ஒன்றாக நின்றார்கள். 1981 க்குப் பிறகு அதுவே முதல் முறை, அதுவே கடைசி முறையும் ஆயிற்று. 2008 செப்டம்பரில் ரைட் காலமானார்.

பிறகுதான் ஆறுதல் பரிசு தன் மதிப்பைக் காட்டியது. 2010 செப்டம்பர் 15 அன்று வாட்டர்ஸ் 'த வால்' படைப்பை மீண்டும் எழுப்பினார். தொடங்கிய ஊர் டொராண்டோ. 1987 இல் அவருடைய தோல்வி முதலில் உறுதியான அதே நகரம். முப்பது ஆண்டுகளில் தொழில்நுட்பம் மாறியிருந்தது. கட்டக்கட்ட வளரும் சுவரின் ஒவ்வொரு செங்கல்மீதும் துல்லியமாகப் படம் வீழ்த்த முடிந்தது. நான்கு ஊர்களுக்கு மேல் நகர மறுத்த மேடை கண்டங்களைத் தாண்டிப் போயிற்று. 2012 மார்ச்சில் புவெனோஸ் ஐரிஸின் ரிவர் பிளேட் மைதானத்தில் மட்டும் ஒன்பது மாலைகள். 2013 செப்டம்பரில் பாரிஸில் முடிந்தபோது 219 நிகழ்ச்சிகள், 45 கோடி டாலருக்கும் மேற்பட்ட வசூல். தனிக்கலைஞர் ஒருவரின் பயணத்தில் அதுவரை அத்தகைய தொகை ஈட்டப்பட்டதில்லை.

தொகையைவிட முக்கியமானது பொருள் மாற்றம். 1980 இல் அந்தச் சுவர் ஒரு பாடகனின் தனிமைக்குக் குறியீடாக இருந்தது. வசதியான ஒருவரின் தன்னிரக்கம் என்று அதைக் கேலி செய்தவர்களும் உண்டு. 2010 இல் வாட்டர்ஸ், போரில் உறவினரை இழந்தவர்கள் படங்களை அனுப்புமாறு பொதுவில் கேட்டுக்கொண்டார். வந்த முகங்கள் செங்கல் செங்கலாகச் சுவரில் ஒளிர்ந்தன. அவற்றில் அவருடைய தந்தையின் முகமும் இருந்தது. முகமே காட்டாத குழுவில் வளர்ந்தவர், முகங்களால் ஆன சுவரைக் கட்டினார். 2011 மே 12 அன்று லண்டன் ஓ2 அரங்கில் சுவரின் உச்சியில் திடீரெனத் தோன்றிக் கிட்டார் வாசித்தவர் கில்மோர். முந்திய ஆண்டு ஒரு கொடைநிகழ்ச்சியில் வாட்டர்ஸ் தம்மோடு பாடியதற்குக் கைம்மாறாகத் தந்த வாக்கை அவர் காப்பாற்றினார். நிகழ்ச்சியின் முடிவில் மேசனும் வந்து சேர்ந்துகொண்டார். 2013 இல் பி.பி.சி.க்கு அளித்த நேர்காணலில், பெயருக்காக வழக்குத் தொடர்ந்தது தம் தவறு என்று வாட்டர்ஸ் வெளிப்படையாகச் சொன்னார்.

இத்துடன் கதையை மங்கலமாக முடித்துவிட இயலாது. பெயர் ஒரு கூரையாகவும் இருந்தது என்பது பிந்திய ஆண்டுகளில் தெரிந்தது. 2017 முதல் அவருடைய மேடைகளில் அரசியல் நேரடியாகவே ஏறியது. அமெரிக்க அதிபரைச் சாடியபோது சிலர் எழுந்து போனார்கள். 2018 இல் பிரேசிலில் தேர்தல் நேரத்தில் அவை இரண்டுபட்டது. இஸ்ரேல் குறித்த அவருடைய நிலைப்பாட்டால் 2023 இல் ஃபிராங்க்ஃபர்ட் நிகழ்ச்சியை ரத்துசெய்ய நகர நிர்வாகம் முனைந்து, நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்த பின்னரே அவரால் பாட முடிந்தது. உக்ரைன் போர் பற்றிய அவர் பேச்சை அதே ஆண்டு கில்மோர் குடும்பத்தினர் பொதுவெளியில் கடுமையாகத் தாக்கினர். கில்மோர் அதை வழிமொழிந்தார். அக்கருத்துகளின் சரி தவறு இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஒன்று மட்டும் கூறலாம்: அட்டையில் பசுவும் முப்பட்டகமும் நின்ற காலத்தில் இந்த வசவுகள் வந்து சேரும் முகவரி இல்லை. தன் பெயரில் பாட வேண்டும் என்று விரும்பியவர், தன் பெயரிலேயே ஏசப்படவும் வேண்டியதாயிற்று.

2024 அக்டோபரில் பிங்க் ஃப்ளாய்டின் ஒலிப்பதிவுகளையும் அவற்றோடு அந்தப் பெயரையும் படிமங்களையும் சோனி நிறுவனம் சுமார் 40 கோடி டாலருக்கு வாங்கியதாகச் செய்திகள் வந்தன. பாடல்களை இயற்றியதற்கான உரிமை அந்த விற்பனையில் அடங்கவில்லை. அது எழுதியவர்களிடமே தங்கியது. பேரட் சூட்டி, பேரட்டை வெளியேற்றியவர்கள் சுமந்து, நீதிமன்றப் படியேறிச் சண்டையிட்ட அந்தப் பெயர், கடைசியில் அதைப் பாடிய எவருடையதாகவும் இல்லாமல் ஒரு நிறுவனத்தின் கணக்கேட்டில் போய் அமர்ந்தது. 1986 இல் நீதிமன்றத்தில் கேட்கப்பட்ட கேள்விக்கு யாரும் எதிர்பாராத இந்த விடை கிடைக்க முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆயின.